புளி போட்டுத் தேய்த்த ராஜராஜன்

வணக்கம் ஐயா,

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு துணி முடிச்சுக்குள் 27 செப்புக்காசுகள் இருந்தன. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம். ராஜராஜன் காசு என்கிறார்கள். எல்லாம் பச்சை ஏறிக் கிடந்தன. இரண்டை மட்டும் அம்மா புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தார், பளபளவென்று ஆகிவிட்டன. மிச்சத்தையும் தேய்க்கலாமா? என்ன விலை போகும்? துபாயில் இருக்கும் தம்பி அங்கே விற்கலாம் என்கிறான்.

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

விலையை விடுங்கள். இந்த வகைக் காசு ஏராளமாகக் கிடைப்பதுதான். தேய்த்த இரண்டுக்கு அந்த விலையும் வராது.

மிச்சம் 25-இல் கை வைக்காதீர்கள். அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன், குத்துவிளக்கு தேய்த்துப் பழகிய கை. நீங்கள் படித்தவர்தானே, கேட்டுவிட்டுச் செய்திருக்கக் கூடாதா?

மண்ணில் கிடந்த செம்பு அரிபட்டு, அடியில் சிவப்பு ஆக்சைடும் மேலே பச்சைக் கார்பனேட்டுமாகப் படலம் கட்டுகிறது. அச்சடித்த நாளின் பரப்பு பெரும்பாலும் அந்தப் படலத்துக்குள்தான் இருக்கிறது. எழுத்தின் விளிம்பும் விரலின் வளைவும் இப்போது செம்பில் இல்லை, பச்சையில் இருக்கின்றன. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிட்டால் மிஞ்சுவது குழி விழுந்த ரோஸ் நிறச் செம்பு. உப்பு அதைவிட மோசம். அதிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, காற்றும் ஈரமும் பட்டதும் அமிலத்தை உண்டாக்கும். அமிலம் செம்பைத் தின்னும், மறுபடி குளோரைடு சேரும். இப்படியே போகும். வெளிர்பச்சைப் பொடி பூத்து, ஊசியால் தொட்டதும் உதிர்ந்தால் அதுதான் நோய். கெட்டியான, வழவழப்பான கரும்பச்சைக்குப் பயப்பட வேண்டாம்.

தேய்த்த இரண்டையும் இன்றே கண்ணாடிக் கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டரில் போடுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலும் குளோரைடு உண்டு. தினமும் தண்ணீரை மாற்றி இரண்டு வாரம் ஊறட்டும். பிறகு சுத்தமான அசிட்டோனில் முக்கி உலர்த்துங்கள். அடுப்புப் பக்கம் போகாதீர்கள், நெயில் பாலிஷ் ரிமூவரையும் ஊற்றாதீர்கள். உலர்ந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு தனியாக வைத்து, மாதம் ஒருமுறை லென்ஸில் பாருங்கள். மற்றவற்றுக்குத் தனித்தனிக் காகித உறை போதும். வளைந்து கொடுக்கும் பிவிசி உறை வேண்டவே வேண்டாம், நாளாக ஆகப் பச்சைப் பிசுக்கு விடும்.

ராஜராஜனா என்பதற்கு வருகிறேன். அதே நின்ற, உட்கார்ந்த உருவங்களைப் பின்னால் இலங்கை அரசர்களும் எடுத்துக்கொண்டார்கள். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி எல்லோர் காசும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆளைக் காட்டிக்கொடுப்பது உட்கார்ந்த உருவத்தின் கைப்பக்கம் இருக்கும் நாகரி எழுத்து, இன்றைய இந்தி எழுத்தின் பழைய வடிவம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் எழுத்து எழும்பி வரும். ஸ்ரீ, ராஜ, ராஜ என்று படிக்க முடிந்தால் சோழன். 0.01 கிராம் காட்டும் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து உறையின் மேல் எழுதுங்கள். நாலு கிராமை ஒட்டி வரும். எல்லாம் ஒரே எடையில், ஓரத்தில் இணைப்புக் கோட்டோடு இருந்தால், உலோகத்தை உருக்கி வார்ப்பில் ஊற்றிச் செய்த போலி என்று சந்தேகப்படுங்கள். தேய்த்த இரண்டில் எழுத்து மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். எனக்கு நம்பிக்கையில்லை.

அந்தத் துணியை எறிந்துவிடாதீர்கள். முடிச்சு எங்கிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். தம்பியிடம் சொல்லுங்கள்: நூறாண்டு கடந்த காசைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விடாது.