உள்சில்லுக்குக் காற்றுப் பார்ப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய கோஸ்டர் பஸ்ஸில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி, பயணிகள் தங்கிப் போகும் வாகனமாக மாற்றியிருக்கிறோம். பின்னால் இரட்டைச் சில்லு. உள்சில்லின் வால்வுக்குக் கை போவதில்லை. சாரதி இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்துவிட்டு "சரி" என்கிறார். அது போதுமா? – வாசகர், ஹட்டன்

பதில்: போதாது. தட்டினால் முழுக்கக் காற்று இறங்கிய டயர்தான் பிடிபடும். 65 பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) இருக்க வேண்டிய டயரில் 45 இருந்தால் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. கண்ணுக்கும் தெரியாது, பக்கத்து டயர் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் வண்டி சாயாது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஓட ஓட மடங்கிச் சூடேறும். உள்சில்லுக்குக் காற்றோட்டம் குறைவு, பிரேக் டிரம்மும் பக்கத்திலேயே இருக்கிறது. றம்பொடையிலிருந்து கம்பளைப் பக்கம் இறங்கும்போது பிரேக்கின் சூடும் அதோடு சேரும். கூடுதல் பாரம் சுமக்கும் வெளி டயரும் சீக்கிரம் கெடும்.

முதலில் லொறிக்கான இரட்டை வாய் கேஜ் (காற்றழுத்தம் பார்க்கும் கருவி) ஒன்று வாங்குங்கள். தண்டு ஓர் அடி நீளமாவது இருக்கட்டும். அளவு 100க்கு மேல் காட்ட வேண்டும். கார் கேஜ்கள் பல 50, 60உடன் நின்றுவிடும். அதன் தலையில் எதிரெதிராக இரண்டு வாய் இருக்கும். உள்சில்லின் வால்வு உங்களை நோக்கி நிற்பதால், வெளிச்சில்லின் துவாரத்துக்குள் கேஜை விட்டுத் தள்ளிப் பிடிக்க வேண்டும். வெளிச்சில்லின் வால்வு உள்நோக்கி நின்றால் மற்ற வாயை மாட்டி உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள்.

காலையில் வண்டியை எடுக்குமுன் பாருங்கள். ஓடிய வண்டி என்றால் 3 மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வையுங்கள். டோர்ச் அடித்து வால்வைக் கண்டுபிடித்து, மூடியைக் கழற்றுமுன் பிரேக் தூசியைத் துணியால் துடையுங்கள். தூசி உள்ளே போனால் வால்வு ஊசி சரியாக மூடாமல் காற்றுக் கசியும். கேஜைப் பிடிக்கும்போது "உஸ்" சத்தம் வந்தால் கோணலாகப் பிடித்திருக்கிறீர்கள், அந்த அளவை நம்ப வேண்டாம். இரண்டு தடவை ஒரே அளவு வர வேண்டும்.

சோடிச் சில்லுகளுக்கிடையே 5 பி.எஸ்.ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. உரிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அதாவது 65க்கு 52 அல்லது அதற்கும் கீழே என்றால், காற்றடித்துக்கொண்டு புறப்படாதீர்கள். டயரைக் கழற்றி உட்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வால்வு எட்டவே இல்லையென்றால் பெரும்பாலும் சில்லு பூட்டிய விதம்தான் பிழை. உள்சில்லின் வால்வு வெளிச்சில்லின் துவாரத்துக்கு நேரே வர வேண்டும். வெளிச்சில்லின் வால்வு அதற்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். டயர் கடையில் சில்லைப் பூட்டும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், பிறகு மாற்றுவதென்றால் நட்டெல்லாம் மறுபடி கழற்ற வேண்டும். அப்படியும் எட்டாவிட்டால் வளையாத உலோக நீட்டிப்புக் குழாய் நல்லது. வளையும் குழாய் போடுவதானால் அதன் நுனியை வெளிச்சில்லில் பிடிப்பு வைத்து இறுக்க வேண்டும். தொங்க விட்டால் சில்லு சுற்றும் வேகத்தில் அடிபட்டுத் தளர்ந்துவிடும். பிளாஸ்டிக் குழாய் வேண்டவே வேண்டாம். பொருத்தியதும் ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

எத்தனை பி.எஸ்.ஐ என்பதற்கு 65ஐ உதாரணமாகத்தான் சொன்னேன். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் காற்றளவு ஸ்டிக்கர், வண்டி பஸ்ஸாக இருந்தபோது எழுதியது. தண்ணீர் மட்டுமே 100 லீற்றருக்கு 100 கிலோ. தொட்டியை நிரப்பி, சாமான் ஏற்றி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே எடை போட்டு, டயர் கம்பனியின் பார அட்டவணையைப் பாருங்கள். டயரில் பார எண் 118/116 என்றிருந்தால் தனிச்சில்லாக 1320 கிலோ, சோடியாக ஒவ்வொன்றும் 1250 கிலோ என்று அர்த்தம். பின்சில்லுக்குச் சிறிய எண்தான் கணக்கு.

கேள்வி: கொழும்பில் 65 அடித்துவிட்டு நுவரெலியாவுக்கு வந்தால் காலையில் 63 காட்டுகிறது. கசிவா? – வாசகி, பண்டாரவளை

பதில்: எல்லாச் சில்லும் ஒரேமாதிரிக் குறைந்திருந்தால் கசிவல்ல. கொழும்பின் 30 பாகையிலிருந்து 12 பாகைக்கு வந்தால் ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ குறையும். நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் 3 பி.எஸ்.ஐ கூட்டிக் காட்டும். கழித்தால் மிஞ்சுவது 2. ஒரு சில்லு மட்டும் மற்றவற்றைவிட இறங்கியிருந்தால் அதில் கசிவைத் தேடுங்கள். இறக்கம் இறங்கி முடிந்த சூட்டில் அளவு கூடிக் காட்டுகிறதென்று காற்றைத் திறந்துவிடாதீர்கள். ஆறியதும் உரிய அளவுக்குக் கீழே போய்விடும்.

கேள்வி: வால்வு மூடிக்குப் பதிலாகப் பூட்டும் காற்றழுத்த சென்சர் நல்லதா? – வாசகர், ஹப்புத்தளை

பதில்: ஓடும்போதே எச்சரிக்கும் என்பதால் நல்லது. உலோக வால்வில் மட்டும் பூட்டுங்கள். ரப்பர் வால்வு சென்சரின் பாரத்தில் ஆடி, அதன் அடியில் வெடிப்பு விழும். உள்சில்லின் சிக்னல் சாரதி இருக்கைவரை எட்டாவிட்டால் வண்டியின் பின்பகுதியில் சிக்னல் பெருக்கி ஒன்று வைக்கலாம். பூட்டிய பிறகும் மாதம் ஒரு தடவை கேஜோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.