எட்டா, ஒன்பதா?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 27. பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு இரவு பதினொன்றே காலுக்கு ஒரு போன் வந்தது. அப்பா விபத்தில் போய்விட்டார் என்று அதில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து ராத்திரியில் போன் அடித்தாலே கை நடுங்குகிறது. இப்போது ஆபீசில், எங்களிடம் சரக்கு வாங்குகிற பையர் அழைத்தாலும் அப்படித்தான். தியானம் செய்து பார்த்தேன். பயத்தை வெல்வது பற்றி ஏகப்பட்ட வீடியோக்கள் பார்த்துவிட்டேன். மூளையில் அமிக்டலா என்கிற பகுதிதான் காரணம் என்கிறார்கள். 'அச்சமில்லை' என்று பாரதி பாடிய மொழியில் பிறந்துவிட்டு இப்படிக் கோழையாக இருக்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. பயமே இல்லாமல் வாழ முடியுமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் மாமா பையன் காங்கயத்திலிருந்து கூப்பிட்டான். அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, அவர் தோட்டத்துக் கிணற்றை மூடிவிட்டார்களாம். டிப்பரில் மண் கொண்டுவந்து மூன்று நாள் கொட்டினார்களாம். எழுபது அடிக் கிணறு. அந்த நினைப்பிலேயே இருந்தவன் கண்ணில் உங்கள் கடிதம் பட்டது. இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதியிருக்கவே மாட்டேன்.

அமிக்டலாவைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லையென்றால் டாக்டரைப் பாருங்கள், அதில் என்ன வெட்கம்? தியானம் உங்கள் விருப்பம். பாரதியை மட்டும் இதற்குள் இழுக்காதீர்கள். வானமே இடிந்து தலையில் விழட்டும் என்று வைத்துக்கொண்டுதான் அவர் அச்சமில்லை என்றார். விழாது என்று எங்கே சொன்னார்?

எனக்குக் கோபம் வந்தது 'கோழை' என்ற சொல்லைப் படித்தபோது. யார் கொடுத்த சொல் அது? அந்த வீடியோக்காரர்களா? காதில் மைக்கை மாட்டிக்கொண்டு பயத்தைக் கொல்லு, புலியாகு என்கிறவன் என்றைக்காவது ஒரு கிணற்றுக்குள் இறங்கியிருப்பானா?

மேற்கு மலை மழையைப் பெரும்பாலும் அந்தப் பக்கமே வாங்கிக்கொண்டு மிச்சத்தை அனுப்புகிற சீமை நம்முடையது. மாடு கட்டிக் கவலை ஏற்றம் இறைத்த காலத்தில் கிணற்றுத் தண்ணீர் போதுமானதாக இருந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. மோட்டார் இறங்க இறங்கத் தண்ணீரும் இறங்கியது. பாறையை உடைத்துக்கொண்டு மனிதனும் பின்னாலேயே இறங்கினான்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அந்தக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். அப்புச்சி வயதுதான் வெடிக்காரருக்கும். ஆனால் அப்புச்சி அவரை வாப்பா போப்பா என்பார், அவர் அப்புச்சியைப் பண்ணாடி, அதாவது முதலாளி, என்பார். அன்று ஒன்பது குழி. பாறையில் தமர் போட்டுத் துளைத்து, தோட்டாவும் அதை வெடிக்க வைக்கிற கேப்பும் வைத்து, களிமண்ணைக் கெட்டித்து, திரியை வெளியே விட்டிருந்தார். திரி ஓரடி எரிய அரை நிமிடத்துக்குச் சற்று மேலாகும். ஏறி வர எவ்வளவு நேரம் வேண்டுமோ அந்தக் கணக்குக்குத்தான் திரியை வெட்டுவார். கொளுத்திவிட்டுக் கயிற்றைப் பிடித்து மேலே வந்தவர், மூச்சு வாங்க என் பக்கத்தில் குந்தினார். "கண்ணு, எத்தனைன்னு நீயும் எண்ணு."

எண்ணினேன். சத்தம் நின்றதும், "ஒம்பது!" என்று கத்தினேன்.

"எட்டுங்க" என்றார் அவர்.

அப்புச்சிக்குப் பொறுக்கவில்லை. ஆறு ஆள் கூலி சும்மா நிற்கிறது. "ரெண்டு ஒண்ணாச் சேந்து வெடிச்சிருக்கும்ப்பா. பையனே ஒம்பதுங்கறான். எறங்கு."

"இல்லீங் பண்ணாடி. பயமா இருக்குதுங்."

ஆட்கள் சிரித்தார்கள். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அவர் விரல் நடுங்கியதை நான் பார்த்தேன். அன்றைக்கு யாரையும் இறங்கவிடவில்லை. அவருக்கு அன்று கூலியும் கிடையாது.

உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்கிறார், அப்படி எட்டு சொல்கிறார். நகைக்கும் உவகைக்கும் போட்ட அதே பந்தியில்தான் அச்சத்துக்கும் இலை போடுகிறார். நோய் என்று தனியே உட்கார வைக்கவில்லை. அது பிறக்கிற இடம் நான்கு: அணங்கு என்கிற வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், இறை. கொங்குக்காரனுக்கு இதற்கு உரையே தேவையில்லை. கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் இருக்கிறது. திம்பம் மலைப்பாதையில் யானை நிற்கிறது. 2004 வரை, வீரப்பன் இருந்த காலத்தில், சத்தியமங்கலம் காட்டுக்குள் யார் பயத்தில் யார் இருந்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். நாலாவதுதான் சங்கதி. இறை என்றால் அரசன், நமக்கு மேலே இருந்து ஆளுகிறவன். உங்களுக்குப் பையர். அந்த வெடிக்காரருக்கு என் அப்புச்சி.

அப்புச்சியிடம் அவருக்குப் பயம் இல்லை என்றா நினைக்கிறீர்கள்? வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்ற பயம் நிச்சயம் இருந்தது. குழிக்குள் கிடக்கிற தோட்டாவிடமும் பயம் இருந்தது. இரண்டில் எதற்கு முதலில் பயப்பட வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. பையர் அழைப்புக்கும் அந்தப் பதினொன்றே கால் மணி அழைப்புக்கும் ஒரே கையால் நடுங்குகிறீர்கள் பாருங்கள், அதற்குத்தான் உங்களைத் திட்டுகிறேன். ஷிப்மெண்ட் தாமதமானால் யாரும் சாகப்போவதில்லை.

ராத்திரி போன் வேறு. அதை நான் அணங்கில்தான் சேர்ப்பேன். அதற்கு நடுங்குங்கள், தப்பில்லை.

மறுநாள் காலை அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். விளக்கு அணையவில்லை. அப்புறம்தான் தானே முதலில் இறங்கினார். ஒரு குழியில் திரி ஒரு சாண் மட்டும் கருகி நின்றிருந்தது. அதை அவர் தோண்டவில்லை. ஓரடி தள்ளி வேறு குழி அடித்து, அதில் மருந்து வைத்தார். அன்றைக்கு எண்ண வேண்டியது ஒன்றே ஒன்று. என்னை எண்ணச் சொல்லவில்லை.

ஒன்பது என்று நான் ஏன் கத்தினேன்? சீக்கிரம் இறங்கி ஊற்று வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பதாவது சத்தம் என் காதில் கேட்டது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

உங்கள் கேள்வியை எங்கேயோ விட்டுவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் நீங்களும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த போனை எடுத்தது நீங்களா, அம்மாவா? அப்பா என்ன வேலை பார்த்தார், எங்கே போய்விட்டு வந்துகொண்டிருந்தார்? கடிதத்தில் பையருக்கு ஒரு வரி, அமிக்டலாவுக்கு ஒரு வரி இருக்கிறது. அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.