துரித உணவகத்தில் பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு வாங்க முடியுமா?

வார இறுதியில் பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் அங்கே போய் நிற்பவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முடியும். ஆனால் முதலில் பானத்தில் கை வையுங்கள், கோழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோர் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன். சம்பளம் போட்ட வாரம் அக்காள் பிள்ளைகளை டவுனுக்கு அழைத்துப் போவது தாய்மாமன் பொறுப்பு. போன முறை ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) சிறுவர் உணவு கேட்டேன். பொரித்த கோழி, உருளைக்கிழங்கு வறுவல், கோலா, கூடவே ஒரு பொம்மை. கோலாவுக்குப் பதில் தண்ணீர் போத்தல் கொடுங்கள் என்றேன். கல்லாவில் இருந்த பெண் திரையை இங்கும் அங்கும் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதில் மாற்ற வராது அண்ணே, தண்ணீர் தனியாகத்தான் வாங்க வேண்டும்" என்றாள். அவள் மேல் குற்றமில்லை. மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். கொட்டட்டும். மேலாளர் வந்து ஓர் அட்டையைத் தேய்த்தார், தண்ணீர் வந்துவிட்டது. சின்னவனுக்குக் கவலை வேறு: "மாமா, பொம்மை உண்டுதானே?"

ஒரு கோலாவுக்கு இத்தனை ரகளையா என்று சிலர் கிளம்புவார்கள். நான் டாக்டர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழக்கமான கோலாவில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 10 கிராம் சீனி. 5 கிராமைத் தாண்டினாலே, 2019 ஜூலை முதல் நம் அரசாங்கம் போத்தல் பானங்களுக்கு வரி போடுகிறது. அதே ஆண்டு சுகாதார அமைச்சின் ஆய்வில், 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினருக்கு எடை கூடுதல். எங்கள் லயத்தில் இனிப்புநீர் (நீரிழிவு) நோய் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் 2019 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது. சிறுவர் உணவோடு தானாக வருவது தண்ணீர் அல்லது பால். கோலா வேண்டுமென்றால் வாங்குபவர் வாய் திறந்து கேட்க வேண்டும். இங்கே தண்ணீருக்கு வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

பழத்தின் கதை இன்னும் மோசம். பீடோர் கொய்யாவுக்குப் பேர்போன ஊர். ஆரஞ்சைவிட வைட்டமின் சி கூடுதலாக உள்ள பழம் சாலையோரம் குவிந்து கிடக்கிறது, கடைக்குள் ஒரு துண்டு கிடையாது. நான் வெளியிலேயே வெட்டி வாங்கி, அசாம்போய்த் தூளை (உப்பும் புளிப்புமான உலர்பழத் தூள்) தூவ வேண்டாம் என்று சொல்லி, பையில் வைத்துக்கொள்கிறேன். கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் அல்லது இறைச்சி, அரைத் தட்டு காய்கறி பழம் என்று அமைச்சு சொல்லும் கணக்கில் அந்த அரை இப்படித்தான் நிரம்புகிறது. வறுவல் ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குப் போதும். "பெரியதாக மாற்றவா?" என்று கேட்டால் யோசிக்காமல் வேண்டாம் என்றுவிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். தின்றதை ஓடிக் கரைக்க எங்கள் பிள்ளைகளுக்குத் தோட்டத்துப் பந்துத் திடல் இருந்தது. தோட்டம் கைமாறியதும் வேலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். தேர்தல் வந்தால் மட்டும் அதே திடலுக்குள் பந்தல் போட்டுப் பேசுகிறார்கள். அன்றைக்குச் சாவி எங்கிருந்துதான் கிடைக்கிறதோ தெரியவில்லை.