படகு டிரெய்லரில் ஒரு பக்க டிஸ்க் பிரேக் மட்டும் தேய்ந்திருக்கிறது; நானே மாற்றலாமா?

இடது சக்கரத்தின் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) இரும்பு தெரியுமளவுக்குத் தேய்ந்துவிட்டது, வலது பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, தேய்ந்த பக்கத்தை மட்டும் வீட்டிலேயே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது என்று தெரிந்துகொள்ளாமல் புதிய பேட் வாங்காதீர்கள். வழக்கமாக இங்கே படித்துவிட்டு நகர்ந்துவிடுகிற நான் எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம், இந்தப் பாடத்தை இரண்டு முறை பணம் கொடுத்துக் கற்றவன் என்பதுதான்.

நான் மெல்போர்னில் வசிக்கிறேன். என்னுடைய படகும் டிரெய்லரும் சேர்ந்து ஏறக்குறைய 1300 கிலோ. ஆஸ்திரேலியாவில் சக்கரங்களின் மேல் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். 2000 கிலோ வரை, கார் பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் தன் எடையாலேயே முன்னால் தள்ளி, கப்ளிங்கில் (காரோடு இணைக்கும் கொக்கிப் பகுதி) உள்ள, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்கு அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிற ஓவர்ரைடு வகை போதும். உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், நவம்பரில், ஹேஸ்டிங்ஸ் படகுத்துறையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது கருகல் நாற்றம் வந்தது. இறங்கிப் பார்த்தால் இடது சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்புதான் ஒரு வொர்க்‌ஷாப்பில் நான்கு பேட்களையும் மாற்றியிருந்தேன். பில்லில் ‘கேலிப்பர் சர்வீஸ்’ என்று தனியாக ஒரு வரியும் அதற்கு ஒரு தொகையும் இருந்தன; பேட்களைத் தாங்கி டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பகுதிதான் கேலிப்பர். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தபோது உள்பக்க பேட் முழுவதும் போய், அதன் இரும்புத் தகடு டிஸ்க்கில் பள்ளம் போட்டிருந்தது; வெளிப்பக்க பேட்டோ ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. கேலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே துரு மாவாகக் கொட்டியது. அந்தப் பின்னை எட்டு மாதங்களுக்கு முன்பு யாரும் தொட்டிருக்கவில்லை என்பதை அறியப் பெரிய அறிவு தேவையில்லை. திரும்பப் போய்க் கேட்டபோது, உப்புத் தண்ணீரில் இறக்கினால் அப்படித்தான் ஆகும் என்றார்கள். படகு டிரெய்லரை வேறு எதில் இறக்குவார்களோ தெரியவில்லை.

இந்த வகைக் கேலிப்பரில் பிஸ்டன் உள்பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. அது உள் பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தியதும், கேலிப்பரின் உடல் பின்னின் மேல் வழுக்கி நகர்ந்து வெளி பேட்டையும் இழுத்து அழுத்த வேண்டும். பின் இறுகிவிட்டால் வேலை முழுவதும் உள் பேட்டின் தலையில் விழுகிறது. பிரேக்கை விட்ட பிறகும் அது சரியாக விலகுவதில்லை. ஆகவே உங்கள் இடது சக்கரத்திலும் முதலில் உள் பேட், வெளி பேட் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் பின்னைச் சந்தேகிக்கலாம். இரண்டும் ஒரே அளவில் தீர்ந்திருந்தால் பிஸ்டனோ, பிரேக் ஆயில் வரும் ஹோஸோ பிடித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்போது தூத்துக்குடியிலிருந்து மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். முப்பது ஆண்டுகள் உப்பு லாரி ஓட்டியவர். துருப்பிடித்த பின்னைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “உப்புக்கு நம்ம ஊர், வெளியூர்ன்னு வித்தியாசமெல்லாம் கிடையாது மாப்பிள்ளை” என்றார். நான் மெக்கானிக் அல்லன். கணக்குப் பிரிவில் வேலை செய்பவன். அவர் இல்லாவிட்டால் பாதி வேலையில் கைவிட்டிருப்பேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டிரெய்லரைக் காரோடு மாட்டி, கைப்பிரேக் போட்டு, மறுபக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, சக்கரத்தின் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொண்டு, அதன்பின் ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே தலையை நீட்டாதீர்கள். பெரும்பாலான படகு டிரெய்லர்களில் டிஸ்க்கும் ஹப்பும் ஒரே வார்ப்பு. அதனால் டிஸ்க்கை மாற்றுவது என்றால் பேரிங், ஆயில் சீல் எல்லாவற்றையும் மாற்றுவது என்றே பொருள். பேரிங் வாங்கும் முன் பழையதில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள். இங்கே ‘ஹோல்டன்’ வகை, ‘ஃபோர்டு’ வகை என்று இரண்டு அளவுகள் பரவலாக இருக்கின்றன. கண்ணால் பார்த்து ஊகித்தால் கடைக்கு இரண்டாவது நடை உறுதி.

புதிய ஹப்பில் பேரிங் கப்பை (பேரிங்கின் வெளி வளையம்) அடித்து இறக்கும்போது எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. “சத்தத்தைக் கேளுங்க” என்றார் மாமா. மொத்தமொத்தென்று கேட்டுக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம், கப் அடியில் போய் உட்கார்ந்ததும் கணீரென்று மாறியது. எந்தக் காணொளியிலும் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பேரிங்குக்குள் கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி நிரப்பினோம். நட்டை டிஸ்க்கைச் சுழற்றியபடியே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி, நட்டு கழலாமலிருக்கக் காட்டர் பின் போட்டோம். ஸ்லைடு பின்னுக்குச் சாதாரண கிரீஸ் பூசாதீர்கள். அது ரப்பரை ஊத வைத்துவிடும். சிலிக்கான் கிரீஸ்தான் வேண்டும். புதிய டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனர் கொண்டு துடைத்துவிடுங்கள்.

இனி என் முட்டாள்தனம். கேலிப்பர்களையும் புதிதாகவே வாங்கியிருந்தேன். இடதையும் வலதையும் மாற்றி மாட்டியதால் காற்று வெளியேறும் நிப்பிள் கீழ்ப்பக்கமாகப் போய்விட்டது. காற்று மேலேதான் நிற்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்று தோன்றவில்லை. மாமா கப்ளிங்கைத் தள்ளித் தள்ளிப் பம்ப் செய்ய, நான் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து மூட, ஒரு பிற்பகல் முழுவதும் பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றியும் பிரேக் பஞ்சுபோலவே இருந்தது. மறுநாள் கழற்றி இடம் மாற்றியதும் பத்து நிமிடத்தில் முடிந்தது. திறந்து பல மாதமான டப்பாவிலிருக்கும் பிரேக் ஆயிலை ஊற்றாதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

பிரேக்கை வீட்டில் மாற்றுவது ஆபத்து, பொறுப்பில்லாமல் எழுதுகிறாய் என்று சிலர் சொல்லக்கூடும். கை நடுங்கினால் செய்யாதீர்கள் என்றே நானும் சொல்கிறேன். ஆனால் எனக்குப் புகை வந்தது பில் கொடுத்துச் செய்த வேலையில்தான். அட்டையில் ‘மெரைன்’ என்று ஒரு சொல்லை அச்சிட்டுவிட்டால் விலையை ஏற்றிவிடலாம் என்ற கடைக்காரர்களின் நம்பிக்கை மீதும் எனக்குக் கோபம் உண்டு. அந்தச் சொல் அச்சிட்ட சீல்கள்தான் என்னிடம் ஒரே கோடையில் கசிந்தன.

ஓட்டி வந்த சூட்டோடு டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கினால், ஹப்புக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகக் கடல்நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் நான் துறையில் கால் மணி நேரமாவது ஓரமாக நிறுத்திவைக்கிறேன். சங்கரா மீன் சீசனில் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில், சக்கரத்தின் உள்பக்கமாகக் குழாயை நீட்டிக் கேலிப்பரைக் கழுவுகிறேன்.

தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றலாமா என்பதற்கு என் பதில், இரண்டு பக்கத்தையும் கழற்றுங்கள் என்பதே. என்னுடைய வலது பக்கத்தில் புகையும் இல்லை, நாற்றமும் இல்லை, பேட்டும் நன்றாகவே இருந்தது. கழற்றிப் பார்த்தால் அந்தப் பிஸ்டன், கிளாம்ப் போட்டு இறுக்கியும் இம்மியும் அசையவில்லை. எட்டு மாதமும் என் டிரெய்லர் இடது சக்கரத்தில் மட்டுமே பிரேக் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது.