புளி போட்டுத் தேய்க்காதீங்க!

கேள்வி: மலேயாவில் இருந்த ஐயாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கோல்ஃப் மட்டை. மஞ்சள் உலோகத் தலையில் ‘பிங்’, ‘ஆன்சர்’, ‘ஸ்காட்ஸ்டேல்’ என்று எழுத்துகள். ‘புரோட்டோடைப்’, லட்சக்கணக்கில் போகும் என்கிறான் பேரன். ஆச்சி விளக்கப் புளி கரைத்துவிட்டார். என்ன செய்ய?
- தேவகோட்டை வாசகர்

பதில்: முதலில் அந்தப் புளியைக் குழம்புக்கு அனுப்புங்கள்! காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய கோல்ஃப் மட்டை ஒன்றை நானும் பித்தளைச் செம்பு மாதிரி பளபளக்கத் தேய்த்தேன். வாங்க வந்தவர் பார்த்ததும் முகத்தைச் சுளித்து, பாதி விலைதான் சொன்னார். கறுத்த நிறம்தான் வயதுக்குச் சாட்சி.

உங்களிடம் இருப்பது பட்டர் (putter). பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை. கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர் 1959-இல் செய்த முதல் பட்டர், பந்தில் பட்டதும் ‘பிங்’ என்று ஒலித்தது. அதுவே கம்பெனிப் பெயரானது. 1966-இல் ‘ஆன்சர்’ (Anser) என்ற மாடல் வந்தது. ‘Answer’-இல் உள்ள ‘டபிள்யூ’வை எடுத்துவிடச் சொன்னவர் அவர் மனைவி லூயிஸ். முழுச் சொல்லும் மட்டையில் அடங்கவில்லையாம்!

ஸ்காட்ஸ்டேல் என்ற அமெரிக்க ஊரின் முத்திரை, ஆரம்பகாலத்தது. ஃபீனிக்ஸ் ஊர்ப்பெயரும் அஞ்சல் எண்ணும் சேர்ந்திருந்தால் பிந்தியது, ஏராளமாகக் கிடைக்கும். ஆனால் பேரனிடம் சொல்லுங்கள்: ஸ்காட்ஸ்டேல் என்றாலும் அது விற்பனைக்கு வந்த சரக்குதான். புரோட்டோடைப் என்பது சோதனைக்காகச் செய்த ஓரிரு மாதிரி. அதை நிரூபிக்க, கை மாறி வந்த வழிக்குக் காகிதம் வேண்டும். ஐயாவின் பெட்டியில் ரசீதோ, மட்டையோடு நிற்கும் போட்டோவோ இருக்கிறதா? அதைத் தேடுங்கள். கைப்பிடித் தோலையும் மாற்றிவிடாதீர்கள்.