யூரியா இறங்கினால் மட்டும் போதுமா? டயாலிசிஸ் கேள்வி-பதில்

அப்பாவுக்குப் பல வருடங்களாக டயாலிசிஸ். யூரியா நன்றாக இறங்குகிறது என்கிறார்கள். ஆனாலும் இரவில் விரல்கள் மரத்துப்போகின்றன, தோள்பட்டை வலிக்கிறது. ஏன்?

யூரியா என்ற கழிவு மிகச் சின்ன மூலக்கூறு, எடை 60 டால்டன்தான் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு). எந்த டயலைசரிலும் (ரத்தத்தை வடிகட்டும் கருவி) சுலபமாக வெளியேறிவிடும். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தின் எடையோ சுமார் 11,800 டால்டன். உடலின் செல்களிலிருந்து இது தினமும் உதிர்ந்துகொண்டே இருக்கும். நல்ல சிறுநீரகம் இதை வடிகட்டிச் சிதைத்துவிடும். சிறுநீரகம் செயலிழந்தால் ரத்தத்தில் இதன் அளவு பத்து மடங்குக்கு மேலும் ஏறலாம். வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் மூட்டுகளிலும் மணிக்கட்டிலும் அமிலாய்டு என்ற கரையாத புரதப் படிவாகி நரம்பை அழுத்தும். அந்தப் படிவு இந்தப் புரதம்தான் என்பது 1985-இல் தெரியவந்தது. அப்பாவுக்கும் இதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. சர்க்கரை நோயாலும் விரல் மரத்துப்போகும். நரம்புப் பரிசோதனை ஒன்று செய்யச் சொல்லிக் கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஹை-ஃபிளக்ஸ் (சவ்வின் துளைகள் பெரிதான) டயலைசருக்கு மாறினால் சரியாகுமா?

முன்னேற்றம் இருக்கும். துளைகள் சின்னதான பழைய லோ-ஃபிளக்ஸ் வகையில் இந்தப் புரதம் ஏறக்குறைய வெளியேறுவதே இல்லை. ஹை-ஃபிளக்ஸில் ஒரு முறைக்குப் பாதிக்கு மேல்கூடக் குறையும். ஆனால் முடிந்த சில மணி நேரத்திலேயே திசுக்களில் தங்கியிருந்தது ரத்தத்துக்குத் திரும்பி வரும். அதனால்தான் நேரத்தை நான் வலியுறுத்துகிறேன்: நான்கு மணி நேரத்தை மூன்றரையாகச் சுருக்கினால் யூரியாவை விட இந்தப் புரதத்துக்குத்தான் நஷ்டம் அதிகம். ஏற்கெனவே படிந்தது இதனால் கரைந்துவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்த படி ஹீமோடயாஃபில்ட்ரேஷன். இதில் நிறைய திரவத்தை அழுத்தத்தோடு சவ்வு வழியாக இழுப்பதால் பெரிய மூலக்கூறுகளும் கூடவே வரும். 1,360 நோயாளிகளை வைத்து நடந்து 2023-இல் வெளியான கன்வின்ஸ் ஆய்வில், ஹை-ஃபிளக்ஸ் டயாலிசிஸை விட இதில் இறப்பு அபாயம் 23 சதவீதம் குறைவாக இருந்தது. ஒவ்வொரு முறையும் குறைந்தது 23 லிட்டர் இழுக்க முடிகிறவர்களைத்தான் சேர்த்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரத்த ஓட்டம் குறைவான ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த வழி) உள்ளவருக்கு அந்த அளவு எட்டாமல் போகலாம்.

சவ்வின் துளைகளை இன்னும் பெரிதாக்கினால் என்ன?

ரத்தத்துக்குத் தேவையான புரதமான அல்புமினும் (சுமார் 66,000 டால்டன்) போய்விடும். அது போனால் வீக்கமும் பலவீனமும்தான் மிச்சம்.

என் கேடி/வி 1.4. கழிவெல்லாம் போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. கேடி/வி என்பது ஒரு முறை டயாலிசிஸில் யூரியா எவ்வளவு வெளியேறியது என்ற கணக்கு மட்டும். இண்டாக்சில் சல்ஃபேட் போன்ற கழிவுகள் சின்ன மூலக்கூறுகள்தான், ஆனால் 90 சதவீதத்துக்கு மேல் அல்புமினோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் டயாலிசிஸில் சரியாக வெளியேறாது. இவற்றை வெளியேற்ற, மிச்சமிருக்கும் சிறுநீரகம் கொஞ்சம் வேலை செய்தாலும் பெரிய உதவி. இன்னும் சிறுநீர் போகிறதா? அப்படியானால் அந்தச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடவே போடாதீர்கள்.

அப்போ சாப்பாட்டில் புரதத்தைக் குறைக்கட்டுமா?

வேண்டாம். பீட்டா-2 சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. டயாலிசிஸில் இருப்பவருக்குப் பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் தேவை.