பிடிப்பதை நிறுத்தினால் சாளை திரும்பி வந்துவிடுமா?

கேள்வி: கடல் சூடாகிவரும் காலத்தில், அளவுக்கு மீறிப் பிடித்துக் குறைந்துபோன மீனை மீட்க மீன்பிடித் தடை மட்டும் போதுமா?

போதாது. தடை இல்லாமலும் முடியாது.

நான் தமிழ்நாட்டு எல்லையில், கன்னியாகுமரி மாவட்டத்து நீரோடிக்காரன். கரையோடு கொஞ்சம் நடந்தால் கேரளத்தின் பொழியூர். இரண்டு ஊருக்கும் சாளைதான், அதாவது மத்தி மீன்தான், சோற்றுக்குத் துணை. கேரளத்தில் 2012இல் சுமார் 4 லட்சம் டன் கிடைத்த சாளை, 2021இல் 3,500 டன்னுக்கும் கீழே போய்விட்டது. வலையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தென்மேற்குப் பருவத்தில் அடிக்கடலின் குளிர்ந்த நீர் மேலேறி நுண்பாசி பெருகும்போதுதான் சாளை முட்டையிடும். அந்தக் கணக்கு பிசகினால் குஞ்சுகளுக்கு இரை இல்லை.

சரி, மீன் திரும்பியதே? 2023, 2024 இரண்டு ஆண்டும் லட்சம் டன்னைத் தாண்டியது. ஆனால் அப்புறம் வந்த மீனைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: விரல் நீளம், ஒட்டிய வயிறு. சட்டியில் போட்டதும் தானே நெய் விடும் மீன், எண்ணெய் ஊற்றியும் வறண்டே கிடந்தது. கூட்டம் பெருகியது, இரை பெருகவில்லை.

அதனால் டன் கணக்கு மட்டும் பார்த்து மீன்வளம் மீண்டுவிட்டது என்று சொல்லக் கூடாது. எடையையும் சினையையும் பார்த்து, பருவம் தவறிய ஆண்டில் பிடிப்பை உடனே குறைக்க வேண்டும். கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது. எல்லை தாண்டியதும் அந்தக் குஞ்சு வேறு மீனாகிவிடுமா? இரு மாநிலமும் சேர்ந்து ஒரே அளவு, ஒரே தடை நாள் வைக்க வேண்டும்.